இடது கையில் நான் கண்ட குறை

பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஜாஸ் என்றால் அவருக்கு உயிர். போன மாதம் வீட்டுக்கு வந்தவர், நன்றாக வாசித்தும் பெயர் வராமல் போன பியானோக்காரர்களைப் பற்றித் தங்கள் சிற்றிதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். "யுத்த காலத்துல சோல்ஜர் கொட்டகையில வேலை பார்த்தவராச்சே, நீங்க கேட்காததா?" என்றார். கேட்டிருக்கிறேன். ஒருவரைக் கேட்டிருக்கிறேன். அவருக்குப் பெயர் வராமல் போனதற்குக் காலத்தையோ விதியையோ குறை சொல்ல முடியாது. காரணம் நான்தான். இதை நண்பரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு, அவசியம் எழுத வேண்டும் என்று சொல்லிப் போனார். எழுதுகிறேன்.

பெயர் யாருடையதும் எழுதப் போவதில்லை. அவர் பெயரை ஒரே ஒருமுறை ஒரு விண்ணப்பப் பாரத்தில் எழுதினேன், அந்த லட்சணம் போதும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு 'அவன்'தான், கூப்பிடுவது 'டேய்'தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இத்தனை வருஷம் கழித்து மரியாதை கொடுப்பதால் எதுவும் நேராகிவிடாது. ஆனாலும் 'அவன்' என்று எழுதக் கை கூசுகிறது.

எங்களுக்குச் சென்னீர்குப்பத்தில் நிலமும் கிணறும் இருந்தன. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்ட மண்டைக்கனத்தில் ஏர்ப்பக்கம் போவதில்லை. பூந்தமல்லியில் ஒரு நாடக சபாவுக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். திருவிழாக்களில் என்னைக் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. யுத்தம் வந்து ஆவடிப் பக்கம் வயலும் மேடுமாகக் கிடந்த இடத்திலெல்லாம் தகரக் கொட்டகைகள் முளைத்தன. அங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பொழுது போக வேண்டுமே, அதற்காகப் பூந்தமல்லியில் ஒரு பெரிய கொட்டகை போட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் லாரி லாரியாக வந்து இறங்குவார்கள். அங்கே எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. பலகையில் நிகழ்ச்சியை எழுதி வைப்பது, நாற்காலிகளை எண்ணி வாங்கி வைப்பது, வெள்ளைக்காரர் பேசுவதை வேலையாட்களுக்கும் வேலையாட்கள் பேசுவதை வெள்ளைக்காரருக்கும் மாற்றிச் சொல்வது, இவ்வளவுதான் வேலை.

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு துரைசானியின் பங்களாவிலிருந்து பியானோ வந்தது. வைக்கோல் பிரி சுற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி, இறக்குவதற்குள் எட்டு ஆட்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. அந்த எட்டு பேரில் அவரும் ஒருவர். கொட்டகையைக் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தார். நசரத்பேட்டைச் சேரியில் அக்காள் வீட்டில் ஒண்டியிருந்தார். எங்கள் நிலத்துக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வருகிற குடும்பம் அது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன், கொட்டகைக்குள்ளிருந்து பியானோ கேட்கிறது. யாரோ சிப்பாய் என்று நினைத்து, ஒரு சலாம் போட்டு வைக்கலாமே என்று உள்ளே போனேன். அவர்! துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. முக்காலி காலியாக இருந்தது. கொட்டகையில் ஈ காக்கை இல்லாத நேரத்திலும் அதில் உட்காராமல், நின்றுகொண்டே குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"டேய், இன்னாடா இது?" என்று அதட்டினேன். வெலவெலத்துப் போய்க் கையை எடுத்துக்கொண்டார். "தூசி தட்டினேன் சாமி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூசி தட்டினால் அப்படிக் கேட்குமா?

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. சின்ன வயதில் கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர். அங்கே பெரிய ஓட்டல் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கூட்டும் வேலை. ராத்திரி ஆட்டத்துக்கு வாசிக்கும் குழுவில், கப்பலில் வந்த ஒரு கறுப்பர் பியானோ வாசிப்பாராம். பகலில் அவர் ஒத்திகை பார்க்கும்போது இவர் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருப்பார். ஓட்டல்காரர்கள் தூங்குகிற நேரத்தில் கேட்டதைத் தொட்டுப் பார்ப்பார். அப்படியே வந்துவிட்டது. குண்டு விழுந்ததும் ஓட்டலும் போய், மலையும் காடுமாக நடந்து வந்தவர். பெண்டாட்டி வழியிலேயே இறந்துபோனாள். "பாதிப் பேரு அங்கியே தங்கிட்டாங்க சாமி. கை ரெண்டும் வந்துச்சு, அத்த சொல்லணும்" என்றார்.

அவர் வாசிப்பு எப்படியிருந்தது என்று நண்பர் கேட்பார். எனக்கு அந்தச் சங்கீதத்தின் இலக்கணம் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் அரைகுறைதான். ஆனால் அந்த இடது கை எனக்குத் தெரியும். கீழே ஒரு கட்டையைத் தொட்டு, தாவி மேலே வந்து நாலு விரலால் ஒரு பிடி, மறுபடி கீழே, மறுபடி மேலே. நடவுப் பெண்கள் வரப்பில் சேறு தெறிக்க நடப்பது மாதிரி உறுதியாக நடக்கும். அது நடந்துகொண்டே இருக்கும்போது வலது கை தாமதமாக வரும், வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுப் பிடிக்கும், ஒரு இடத்தில் வராமலே நின்று வேடிக்கை காட்டும். கேட்கிறவன் கால் தானாக ஆடும். வலது கை விளையாட்டுக்கெல்லாம் இடம் கொடுத்தது இடது கைதான். அதற்குப் பிறகு நண்பர் வீட்டில் எத்தனையோ தட்டுகள் கேட்டாயிற்று. பெரிய பெரிய பெயர்கள். அப்படியொரு இடது கையை நான் இரண்டு மூன்றில்தான் கேட்டேன்.

சிப்பாய்களின் பாண்டு கோஷ்டிக்குத் தலைவர் ஒரு சார்ஜன்ட். செம்பட்டை மீசை, எக்காளம் வாசிப்பவர், நல்ல மனிதர். அவருடைய பியானோக்காரன் வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். இவர் 'தூசி தட்டுவதை' ஒருநாள் சார்ஜன்ட்டும் கேட்டுவிட்டார். தோளைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் இவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். உட்காரலாமா என்று கேட்கிற பார்வை. தலையை அசைத்தேன், ஏதோ கொட்டகையே என் வீட்டுச் சொத்து மாதிரி.

முதல் இரண்டு மூன்று சனிக்கிழமை எனக்கும் குஷிதான். எங்கள் பக்கத்து ஆள், நான்தான் கண்டுபிடித்தேன் என்று சிப்பாய்களிடம் அளந்தேன். பலகையில் எக்காளம், டிரம், கிளாரினெட் வாசிப்பவர்களின் பெயரெல்லாம் எழுதினேன். பியானோ என்பதற்கு எதிரே மட்டும் எதுவும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

நாலாவது வாரம் எனக்குச் சபலம் தட்டியது. ஆர்மோனியத்தைக் கொண்டுபோய், நானும் கூட வாசிக்கிறேனே என்று சார்ஜன்ட்டைக் கேட்டேன். தாராளமாக என்றார். மேடையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். ஆர்மோனியத்தில் இடது கைக்குத் துருத்தி போடுகிற வேலைதான், வாசிப்பதெல்லாம் வலது கை. பாட்டு ஆரம்பித்தது. எங்கே நுழைவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. தாளம் விழுகிற இடம், இதோ சமம் என்று நினைத்து விழுந்தால் அங்கே ஒன்றும் இல்லை, எல்லாரும் வேறு எங்கோ இருந்தார்கள். முன்வரிசையில் சிரித்தார்கள். வியர்த்துக் கொட்டியது. அப்போது அவர் என்னைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். வலது கையை அடக்கிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஒவ்வொரு அடியையும் அழுத்தி அழுத்திக் காட்டினார், வழி தெரியாதவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல. நான் தட்டுத்தடுமாறிச் சேர்ந்துகொண்டேன். பாட்டு முடிந்ததும் சார்ஜன்ட் முதுகில் தட்டி, அடுத்த பாட்டுக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே என்றார்.

சிப்பாய்கள் சிரித்ததை மறுநாளே மறந்துவிட்டேன். எங்கள் நிலத்தில் கூலிக்கு வருகிற குடும்பத்து ஆள் எனக்காக வேகத்தைக் குறைத்தாரே, அதை மன்னிக்க முடியவில்லை. வயிறு எரிந்தது. அவர் செய்தது நல்லது என்று தெரிந்துதான் எரிந்தது.

இந்தச் சமயத்தில் பட்டணத்திலிருந்து ஒரு கேப்டன் வந்தார். முகாம்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாட்டுக் கோஷ்டிகளை அனுப்புகிறவர். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கேட்டார். எழுந்து வந்து, இவரைப் பெங்களூர், புனா என்று போகிற கோஷ்டிக்குப் பியானோக்காரராக எடுத்துக்கொள்கிறேன், பாரம் அனுப்புகிறேன், நிரப்பி அனுப்புங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். இதை மட்டும் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாசிக்கிறதே வேலையா சாமி? கூட்ட வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டில் நைனாவின் காதுக்கும் செய்தி போயிற்று. "அவன் ராணுவ மோட்டார்ல குந்திகினு போவான், நம்ம வயல்ல யாரு எறங்குவான்?" என்று கத்தினார். நைனா சொன்னதால் செய்தேன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியம். அது பொய். நைனா சொல்வதை நான் எதில்தான் கேட்டேன்?

பாரம் தபாலில் வந்தது. சார்ஜன்ட் அப்போது மலேரியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிரப்ப வேண்டியது நான். அவர் என் எதிரே தரையில் குந்தியிருந்தார். பெயர், ஊர், வயது எல்லாம் எழுதியாயிற்று. தொழில் என்ற கட்டம் வந்தது.

"வாசிக்கிற வேலைன்னு எழுதுங்க சாமி. கூட்டுறவன்னு போட்டா அங்கியும் தொடப்பந்தான் குடுப்பானுங்க. ரங்கூன்லயே பாத்துட்டேன்."

"எல்லாம் எனக்குத் தெரியும்டா, சும்மா கெட" என்றேன்.

கூட்டுபவர் என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கொட்டகைப் பேரேட்டில் அப்படித்தான் இருந்தது. யார் கேட்டாலும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது என்பதை எழுதும்போதே நினைத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தை வாங்கி, மை காய்ந்ததா என்று ஊதிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

பத்து நாளில் அதே பாரம் திரும்பி வந்தது. கூட்டும் வேலைக்குப் பதிவானவரைக் கோஷ்டியில் எடுக்க விதி இல்லை, கேப்டன் சொன்னது இவரைத்தானா, எழுதியது பிழையாக இருந்தால் திருத்தி உடனே அனுப்பவும் என்று கூட ஒரு துண்டுக் கடிதம். திருத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருக்கிறார்கள்! ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது. பேனாவை எடுத்தேன்கூட. பிறகு இரண்டு காகிதத்தையும் மடித்து, பழைய ரசீதுக் கட்டுக்கு அடியில் வைத்தேன்.

தபால்காரர் வந்து போனதை அவர் பார்த்திருந்தார். வாளியை வைத்துவிட்டு வந்தார்.

"இன்னா சாமி போட்டுகீது?"

"உன் வாசிப்பு அவங்களுக்கு ஒத்து வரலையாம்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

கோபப்படுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். துடைத்த கையை மறுபடி வேட்டியில் துடைத்துக்கொண்டார். "கேப்டன் நல்லா கீதுன்னு சொன்னாரே. அப்பால போய் யோசிச்சிருப்பாரு. அவங்க பெரிய பெரிய ஆளுங்கள கேட்டவங்க" என்றார். பிறகு, "நீங்க வாசிக்கிறவரு சாமி. உங்களுக்குத் தெரியும். எங்க தப்பு கீதுன்னு சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட இன்றைக்கு இவ்வளவு வேதனை இருக்காது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இடது கைதான்டா. அது ரொம்ப ஆடுது. வலது கை வாசிக்கும்போது இடது கை பின்னாடி கம்முனு இருக்கணும். ஆர்மோனியத்துல பாத்ததில்ல? சும்மா காத்துப் போட்டுகினு இருக்கும். உன்னுது இன்னாடான்னா குதிக்குது."

சொல்லிவிட்டு, சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரியும் எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். ஆர்மோனியக்காரனுக்கு இடது கை என்றால் துருத்திதானே. ஆனால் எது அவர் வாசிப்பின் உயிர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த இடத்தில்தான் கைவைத்தேன்.

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி வருசமா ஒருத்தரும் சொல்லல சாமி" என்றார்.

சார்ஜன்ட் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கேப்டனுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாம் என்று சொல்லி முடித்தேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்தச் சனிக்கிழமை மறுபடி வாசிப்பு. கொட்டகை நிறைந்திருந்தது. எக்காளம் எழும்பியது, டிரம் சேர்ந்தது. பியானோவில் வலது கை மட்டும் மெல்ல என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. இடது கை ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது, துருத்தி மாதிரி. டிரம்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் கால்கள் நின்றுவிட்டன. இரண்டாவது பாட்டில் சிலர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அவர் முகத்தில் வேர்வை. ஆடத் துடிக்கிற கையை அடக்குவது லேசான காரியமா?

இடைவேளையில் சார்ஜன்ட் என்னை அழைத்து, இடது கைக்கு என்ன ஆயிற்று, அடி ஏதும் பட்டதா, கேள் என்றார். ரங்கூனில் இவர் கற்றது இந்துஸ்தானியும் பர்மாக்காரர் பேச்சும்தான். இங்கிலீஷ் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. சார்ஜன்ட் என்ன சொல்கிறார் என்று ஆவலோடு என் வாயைப் பார்த்தார்.

"இப்பத்தான் சரியா கீதாம்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார், சார்ஜன்ட்டைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "சாமி சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் கேட்டார். கை வலிக்கிறதாம் என்றேன்.

பாவம், கை குணமாகட்டும் என்று சார்ஜன்ட் காத்திருந்தார். ஒரு மாதம் கழித்து ஆவடியிலிருந்து பியானோ தெரிந்த சிப்பாய் ஒருவன் கிடைத்தான். சுமாராகத்தான் வாசிப்பான். அவர் துடைப்பத்துக்குத் திரும்பினார். சனிக்கிழமைகளில் வாசல் பக்கம் நின்று கேட்பார். மத்தியானங்களில், யாரும் இல்லாதபோது, பழையபடி நின்றுகொண்டே தொடுவார். என்னைக் கண்டால், "இப்ப பாருங்க சாமி, தப்பு போச்சா?" என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் கீது என்பேன். அதைச் சொல்லச் சொல்ல எனக்குப் பழகிவிட்டது. வெட்கம் அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரசீதுக் கட்டு வைத்திருந்த பெட்டிமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்தது. சார்ஜன்ட் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். கொட்டகையைப் பிரிக்க உத்தரவு வந்து, நாற்காலிகள் போய், பியானோ மட்டும் லாரிக்காகக் காத்திருந்தது. சுவரே இல்லாமல் கூரை மட்டும் நின்றது. பழைய காகிதங்களை எரிப்பதற்காகப் பெட்டியைக் கவிழ்த்தபோது அந்தப் பாரம் விழுந்தது. அவர் பெயர் என் கையெழுத்தில், பக்கத்தில் அந்தத் தொழில். எனக்கு முகம் எரிந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன காகிதம் என்று தெரியாமல்.

நெருப்பில் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். முதல்முறையாக, உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"பழைய மாதிரி வாசி" என்றேன்.

"எந்தப் பழசு சாமி?"

"அதான், இடது கை குதிக்குமே. அந்த மாதிரி."

என்னைப் பார்த்துச் சிரித்தார். சோதனை வைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"உண்மையாத்தான் சொல்றேன், வாசி" என்றேன். குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. நான் சொன்னது பொய், அந்தக் கையில் குறையே இல்லை என்று சொல்ல இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி.

அவர் இடது கையைக் கட்டைமேல் வைத்தார். ஒரு விரல் அழுந்தியது, அப்படியே அமைதியாக நின்றது. வலது கை கொஞ்ச நேரம் தனியாக வாசித்தது. பிறகு இடது கையைத் தூக்கி, குணமான காயத்தைக் காட்டுவது போல என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"அது சுத்தமா போயிடுச்சு சாமி. வரவெச்சாலும் இனி வராது" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

நான் நல்லது என்றேன்.